இறங்கினால் தடுக்காதே

கஸ்தூரி கணவனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். பின்பக்கத்திலிருந்து நாத்தனார் ஜோதியம்மாளின் குரல் வந்தது.

“அந்தப் பீடை கீழ எறங்கப் பாக்குதுடி. யாராச்சும் ஒரு கழிய எடுத்தாங்க.”

கஸ்தூரி முடிச்சை இறுக்கினாள்.

“வயிறு எப்பிடி இருக்குது அண்ணி?” என்று கேட்டாள்.

கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள்.

“யாரு வயிறும்மா?” என்றாள் எதிர்வீட்டுச் சரசு.

“பச்சோந்தி வயிறு. உப்பிக்கினு இருக்குதா, ஒட்டிக்கினு இருக்குதா, பாத்துச் சொல்லச் சொல்லு.”

யாரும் பார்த்துச் சொல்லவில்லை. கஸ்தூரி எழுந்தாள். சரசு அவள் முந்தானையைப் பிடித்தாள். புருஷன் பிணத்தருகிலிருந்து பெண்டாட்டி எழுந்து போகக் கூடாது. கஸ்தூரி முந்தானையை விடுவித்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

இருசப்பன் விடியற்காலை ஐந்தேகாலுக்கு இறந்தான். முதல் டிரிப்புக்காகக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் போட்டபடி கட்டிலில் உட்கார்ந்தான். மூன்று பொத்தான் போட்டிருந்தான். வயது நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருடம் செங்கம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டியவன்.

பின்பக்கம் பெரிய இடமில்லை. ஒரு துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, ஒரு மாதுளை மரம். மரத்தண்டில் இடுப்பளவு உயரத்தில் இருசப்பன் தகரம் சுற்றியிருந்தான். பூனை மேலே ஏறக் கூடாது, பச்சோந்தி கீழே இறங்கக் கூடாது. அது இப்போது தகரத்தின் மேல்விளிம்பில் தலைகீழாக நின்று ஒரு காலை வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிய கால் தகரத்தில் வழுக்கியது. பின்வாங்கித் தண்டைச் சுற்றி வந்து மறுபக்கம் முயன்றது. பச்சை நிறம் மங்கி மஞ்சள் புள்ளிகள் எழும்பியிருந்தன. வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, பைக்குள் மொச்சைக்கொட்டையை அடைத்ததுபோல் மேடுமேடாகத் தெரிந்தது.

நேற்று இரவு சாப்பிடும்போது இருசப்பன் சொல்லியிருந்தான். “மூணு நாளா வெட்டுக்கிளியத் தொடல. நேரம் வந்துடுச்சி. நாளைக்கு டூட்டி முடிச்சிட்டு வந்து தகரத்தக் கழட்டிடறேன்.”

இது இரண்டாவது பச்சோந்தி. முதலாவது வந்தபோது அவனுக்கு ஒன்றும் தெரியாது. பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டைக் கடந்துகொண்டிருந்ததை எடுத்துவந்து, இடுப்பில் நூல் கட்டி ஜன்னல் கம்பியில் விட்டான். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தான். பாம்புக்கு வைப்பதுபோல் பால் வைத்தான். சோற்றுப்பருக்கை வைத்தான். அது எதையும் தொடாமல் இளைத்தது. ஒரு மழையில், ஜன்னல் வழியே நீண்டிருந்த இலையில் சொட்டு நிற்க, அது நாக்கால் அந்தச் சொட்டைத் தொடுவதைப் பார்த்தான். அன்று நூலை அறுத்தான். மரத்தில் விட்டு, தினமும் காலையில் இலைகளின்மேல் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினான். தெளித்துவிட்டு, அது குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவான்.

ஐப்பசியில் அது மரத்தைவிட்டு இறங்கியது. ஓடப் பார்க்கிறது, ரோட்டுக்குப் போய் ஏதாவது ஒரு சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் என்று எடுத்து மேலே விட்டான். மறுபடி இறங்கியது. மறுபடி விட்டான். அதற்காகத்தான் தகரமே சுற்றினான். நான்கு நாள். ஐந்தாம் நாள் அது கிளையைப் பிடித்தபடியே செத்திருந்தது. துண்டில் சுற்றி மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் பிளேடால் கீறிக் காட்டினார். உள்ளே முழுக்க முட்டை.

“மாடு ஆடுன்னா கேளுங்க. இதப்பத்தி நான் படிச்சதில்ல,” என்றார் டாக்டர். “மண்ணுல முட்ட போட எறங்கியிருக்கும். நீங்க விடல.”

அன்று இருசப்பன் சாப்பிடவில்லை. கஸ்தூரி தட்டை எடுத்து வைத்தபோது, “நான்தான் கொன்னுட்டேன்,” என்றான். அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

இந்த ஆடியில் இரண்டாவது கிடைத்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவளிடம் ஒன்றையே சொன்னான். “நான் வண்டியில இருக்கற நேரத்துல எறங்கினா தடுக்காத. கீழ எடுத்து விட்டுடு.”

“நான் ஏன் தடுக்கறேன்? அதுகிட்டயே போவ மாட்டேன்,” என்பாள் கஸ்தூரி.

போனதில்லை. அதைத் தொட்டதும் இல்லை.

“கழி இன்னாத்துக்கு அண்ணி?” என்று இப்போது கேட்டாள்.

“இன்னாத்துக்கா? தள்ளி விடறதுக்கு. சாவு விழுந்த வீட்ல இது கண்ணுலயே படக் கூடாது. ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் பாத்துக்கினு. இத என்னிக்கு வீட்டுக்குள்ள கொண்டாந்தானோ அன்னிக்கே நெனச்சேன். நல்லா இருந்தவன, அம்பது தாண்டல...” ஜோதியம்மாளுக்குக் குரல் உடைந்தது. தம்பியைவிட எட்டு வயது மூத்தவள். அடி அண்ணாமலையிலிருந்து ஆறு மணிக்கே நடந்து வந்துவிட்டாள்.

கஸ்தூரி மரத்தருகே போய் மேலிருந்து கையைக் கொண்டுபோனாள். பச்சோந்தி வாயைப் பிளந்து சீறியது. உடம்பு முழுக்கக் கருத்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

“பாத்தியா?” என்றாள் ஜோதியம்மாள்.

மேலேருந்து வர்றது எல்லாமே அதுக்குப் பருந்து. இருசப்பன் யாரிடமோ சொன்னது. மாட்டு டாக்டரிடம். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் ஸ்கூட்டரில் வந்திருந்தார். இரண்டாவது ஒன்று உயிரோடு நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இதே இடத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கேள்வி கேட்டார். எட்டாவது பெயிலான இருசப்பன் பதில் சொன்னான். டாக்டர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கஸ்தூரி இருவருக்கும் காப்பி கொடுத்தாள். இருசப்பனின் டம்ளரில் ஒரு கரண்டி சர்க்கரை ஜாஸ்தி போட்டிருந்தாள். அவன் குடித்துவிட்டு அவளைப் பார்த்தான். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கஸ்தூரி இப்போது முன்கையைக் கீழிருந்து நீட்டினாள். தகரத்துக்கு மேலே, அதன் முகத்துக்கு முன்னால், அசையாமல் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அது வரவில்லை. ஒரு கண் அவளைப் பார்த்தது. மற்றொரு கண் ஜோதியம்மாளைப் பார்த்தது. கை வலித்தது. பிறகு இடுக்கிபோல் பிளந்த கால் ஒன்று அவள் கண்ணாடி வளையல்களைப் பற்றியது. அடுத்த கால். வளையல்கள் உரசிக்கொண்டன. முழு எடையும் மணிக்கட்டில் இறங்கியது. அவள் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது.

குனிந்து மண்ணில் விட்டாள்.

சுவரோரம் இருசப்பன் ஆற்றுமணல் கொட்டி ஒரு மாதமாகத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தான். பச்சோந்தி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. காற்றில் ஆடும் இலைபோல் முன்னும் பின்னும் அசைந்தபடி நடந்து, துவைக்கிற கல்லின் பக்கத்தில் நின்றது. நேற்றைய மழையில் அங்கே மண் இளகியிருந்தது. முன்கால்களால் பறிக்கத் தொடங்கியது.

கதவருகே கூடியிருந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள்.

“குழி தோண்டுது,” என்றாள் சரசு.

“சாவு வீட்ல குழி தோண்டுதே. இன்னும் யாருக்குடி?” ஜோதியம்மாள் மார்பில் கைவைத்துக்கொண்டாள். “ஒரு கல்லப் போட்டுக் கொன்னுட்டு வேலையப் பாருங்க.”

“முட்ட வெக்கப் போவுது அண்ணி.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“அவரு சொன்னாரு.”

“அவன் சொன்னான்,” என்றாள் ஜோதியம்மாள். திரும்பிக் கூடத்துக்குப் போய்த் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

ஒன்பது மணிக்கு பஸ்காரர்கள் வந்தார்கள். கார்த்திகைத் தீபத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஸ்பெஷல் வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன. வந்தவர்கள் டிரிப்புக்கு நடுவே காக்கியோடு வந்தார்கள். மாலை போட்டுவிட்டு வாசலில் நின்றார்கள். இருசப்பனோடு ஒன்பது வருடம் கண்டக்டராக இருந்த பலராமன் மட்டும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். அவனுக்கு அழுகை வரவில்லை. அதனால் பேசிக்கொண்டே இருந்தான்.

“ஆடி மாசம். வண்டியில எம்பது பேரு. பக்கரிபாளையம் தாண்டி திடீர்னு பிரேக்கு. நான் டிக்கெட் போட்டுக்கினு இருந்தவன் ஒரு அம்மா மடியில விழுந்தேன். இன்னாண்ணேன்னு பாத்தா ரோட்டு நடுவுல இது. ஒரு காலத் தூக்குது, யோசிக்குது, வெக்குது. பின்னால ஒரு ஆளு, டிரைவரே, ரயில்வே கேட்டான்னு கத்தறான். அண்ணன் திரும்பிக்கூடப் பாக்கல. பெரியவரு கிராஸ் பண்றாரு, அவருக்கு அவசரம் இல்லன்னாரு.”

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

“அது கண்ணக் காட்டி எங்கிட்ட சொல்வாரு. டேய் பலராமா, ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. நமக்கு இப்பிடி இருந்தா சைடு கண்ணாடியே வேணாம்டா.”

உள்ளேயிருந்து ஜோதியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். “தம்பி, பின்னாடி போயி அத அடிச்சிப் போட்டுட்டு வா. ஆம்பள நீ.”

பலராமன் பின்பக்கம் போனான். தலையும் முன்கால்களும் குழிக்குள் போயிருந்தன. பின்கால்கள் மண்ணை வெளியே தள்ளின. கஸ்தூரி ஒரு ஓலைத்தட்டியைச் சாய்த்து அதன்மேல் நிழல் விழும்படி வைத்திருந்தாள். அவன் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

“எம்பது பேர நிறுத்தி வெச்சி எடுத்தாந்தாரு. நான் அடிக்கவாம்மா?” என்றான்.

மகன் சுப்பிரமணி ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை. தந்தி போய், பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தான். அப்பாவின் காலில் முகத்தை வைத்துக் கொஞ்சநேரம் கிடந்தான். பிறகு பெரியவர்கள் அவனை எழுப்பி வேலை சொன்னார்கள். மூன்று மணிக்குள் எடுக்க வேண்டும். பாடை தயாராகிவிட்டது. குளிப்பாட்ட வேண்டியதுதான் பாக்கி.

“பின்னாடி கல்லுமேல கெடத்துங்க,” என்றாள் ஜோதியம்மாள். “எங்கப்பாவ அங்கதான் குளிப்பாட்டினோம். எங்கம்மாவயும் அங்கதான்.”

நான்கு பேர் இருசப்பனைத் தூக்கக் குனிந்தார்கள். கஸ்தூரி எழுந்து பின்கதவின் நிலையில் நின்றாள்.

“பின்னாடி வேணாம்.”

அவர்கள் நிமிர்ந்தார்கள்.

“கல்லுப்பக்கத்துல அது முட்ட வெக்குது. இருவது கொடம் தண்ணி ஊத்துவீங்க. குழி ரொம்பிடும். வாசல்ல குளிப்பாட்டுங்க.”

“இன்னா பேசற நீ?” ஜோதியம்மாள் அருகே வந்தாள். “ஒரு ஓணானுக்காவ என் தம்பியத் தெருவுல போடுவியா? நாலு பேரு இன்னா சொல்லுவான்? கட்டினவளே மதிக்கலன்னு சொல்லமாட்டான்?”

“மதிக்கறதாலதான் அண்ணி சொல்றேன்.”

“அம்மா,” என்றான் சுப்பிரமணி. “அப்பாவப் போயி ரோட்டுமேல வெச்சிக் குளிப்பாட்டறதா?”

“இருவத்திரண்டு வருசம் ரோட்டுலதானடா இருந்தாரு.”

வெளியே ஒரு பஸ் கியர் மாற்றிக்கொண்டு போனது.

“மொத தடவ தப்புப் பண்ணிட்டாரு,” என்றாள் கஸ்தூரி. “அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்ல. டாக்டருக்கே தெரியல. தானாப் பாத்துப் பாத்துக் கத்துக்கினாரு. இந்த வாட்டி எல்லாத்தையும் சரியாப் பண்ணிட்டாரு. தகரம் ஒண்ணுதான் பாக்கி. காலையில நான் எறக்கி விட்டுட்டேன். இன்னும் கொஞ்ச நேரந்தான். அது முடியட்டும்.”

சுப்பிரமணி அம்மாவைப் பார்த்தான். பிறகு அவளைக் கடந்து பின்பக்கம் போனான். குழிக்குள்ளிருந்து வால் மட்டும் வெளியே தெரிந்தது. திரும்பி வந்தான்.

“டீக்கடை பெஞ்ச எடுத்தாங்கண்ணே,” என்றான் பலராமனிடம்.

ரோட்டோரம் பெஞ்சைப் போட்டார்கள். பஸ்காரர்கள் நான்கு பக்கமும் வேட்டிகளைப் பிடித்து மறைத்து நின்றார்கள். சவச்சடங்கு செய்ய வந்திருந்த சடையன், இவ்வளவு பேர் மறைவு பிடித்துத் தான் பார்த்ததில்லை என்றார். தெருக்குழாயிலிருந்து குடங்கள் கைமாறி வந்தன. எதிரே வந்த செங்கம் வண்டி வேகத்தைக் குறைத்து, ஓரம் ஒதுங்கி, இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. டிரைவர் இறங்கி வந்து வேட்டியின் ஒரு முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

கஸ்தூரி சீயக்காயை மூன்று முறை தலையில் வைத்தாள். அவன் நெற்றியில் வழிந்ததைத் துடைத்தாள். பிறகு ரோட்டைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

“மூடிக்கடி,” என்றாள் ஜோதியம்மாள், மெதுவாக.

அவள் மூடிக்கொள்ளவில்லை.

மூன்றுக்கு எடுத்தார்கள். தெருமுனைவரை பெண்கள் போய்த் திரும்பினார்கள். வீடு கழுவச் சரசு வாளியோடு வந்தாள். வீட்டின் தரை வாட்டம் பின்பக்கம். ஊற்றினால் தண்ணீர் தானாகப் பின்னால் ஓடும். கஸ்தூரி நாலாக மடித்த கோணியைப் பின்வாசற்படியில் அழுத்தி வைத்தாள்.

“வாசப்பக்கம் தள்ளு சரசு.”

“மேட்டுலயா? துடைப்பம் தேஞ்சிடும்.”

“தேயட்டும்.”

சரசு தள்ளினாள். பாதித் தண்ணீர் திரும்பி வந்தது. மறுபடியும் தள்ளினாள்.

கஸ்தூரி பின்பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நாலரை மணிக்குமேல் பச்சோந்தி வெளியே வந்தது. உடம்பெல்லாம் மண். வயிறு ஒட்டி, இரு பக்கமும் தோல் தொங்கியது. கண்கள் உள்வாங்கியிருந்தன. அப்படியே விழுந்துவிடும் என்று நினைத்தாள். அது விழவில்லை. திரும்பி நின்று வெளியே கிடந்த மண்ணைக் குழிக்குள் தள்ளத் தொடங்கியது. கொஞ்சம் தள்ளும். பின்காலால் மிதித்து அழுத்தும். நிற்கும். மறுபடி தள்ளும்.

ஜோதியம்மாள் வந்து படியில், கோணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்நேரம் அங்கேயும் மண் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

குழி மூடியது. மேலே மண்ணைப் பரப்பிவிட்டதும் தோண்டிய இடம் எது என்று தெரியவில்லை. பச்சோந்தி நாலடி நடந்து நின்றுவிட்டது. கஸ்தூரி எழுந்து கையைக் கீழிருந்து நீட்டினாள். இப்போது அது உடனே ஏறிக்கொண்டது. தகரத்துக்கு மேலே கிளையில் விட்டாள். சொம்பில் தண்ணீர் எடுத்து அதன் முகத்தில் தெளித்தாள். அது கண்களை இறுக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டது.

“குடிக்கலியே,” என்றாள் ஜோதியம்மாள்.

கஸ்தூரி யோசித்தாள். தினமும் அவன் நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டாள். கையை நனைத்து, அதற்கு மேலே இருந்த இலைகளில் உதறினாள். மறுபடி உதறினாள். இலையிலிருந்து சொட்டு இறங்கி அடுத்த இலையில் நின்றது. வெகுநேரத்துக்குப் பின் ஒரு கண் அந்தச் சொட்டின்மேல் திரும்பியது. வாய் திறந்தது. நாக்கு சொட்டைத் தொட்டது.

“குடிக்குது,” என்றாள் ஜோதியம்மாள்.

எழுந்து போனாள். கூரைச் சரிவிலிருந்து பழைய கோழிக்கூடையைத் தேடி எடுத்துவந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண்ணை உற்றுப் பார்த்தாள்.

“எந்த எடம்டி?”

கஸ்தூரி காட்டினாள். ஜோதியம்மாள் கூடையைக் கவிழ்த்து, காக்காய் தள்ளாதபடி மேலே ஒரு கல்லை வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆண்கள் திரும்பி வந்தார்கள். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு, சந்து வழியாகப் பின்பக்கம் வந்தார்கள். தொட்டித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் விளக்கைப் பார்க்க வேண்டும். சுப்பிரமணி முன்னால் வந்தான். தலை மழித்திருந்தது. பின்னால் பலராமன். அவனுக்குப் பின்னால் பஸ்காரர்கள், அடி அண்ணாமலை உறவுக்காரர்கள்.

ஜோதியம்மாள் எழுந்து கையை நீட்டித் தடுத்தாள்.

“கல்லுப்பக்கம் வராதீங்க. சுவத்த ஒட்டி வாங்க. ஒவ்வொருத்தரா வாங்க.”

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வரிசையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கி, கூடையைச் சுற்றிக்கொண்டு தொட்டிக்குப் போனார்கள். கடைசியில் வந்த கிழவருக்குக் கண் சரியாகத் தெரியாது. பலராமன் திரும்பிப் போய் அவர் கையைப் பிடித்தான். ஓர் அடி, இன்னோர் அடி என்று சொல்லி அவரைச் சுற்றி அழைத்து வந்தான்.